தவிட்டுக்குருவி கூட்டமாக் கத்துற கதை

சும்மா கத்துதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டா ஆச்சா, கொழுந்தனாரே? ஒங்க மத்தியானத் தூக்கம் கெட்டுப்போச்சுங்கறதுக்காக அந்தத் தவிட்டுக்குருவிகளுக்குக் கிறுக்குன்னு பட்டம் கட்டாதீக. கையில இருக்கற கல்லக் கீழ போட்டுட்டுக் கேளுங்க.

பறவைக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சா இருந்த காலம் அது. அப்ப இந்தக் குருவிக்குத் தவிட்டு நெறமே கெடையாது. அரைச்ச மஞ்சள் கணக்கா இருக்கும். மரத்துக்கு ஒண்ணு, தனியாத்தான் இருக்கும். பக்கத்து மரத்துக்காரிகிட்ட நல்லது கெட்டது கேக்காது. எங்க சின்னாத்தா ஒருத்தியும் அப்படித்தான். ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு எங்க சல்லடைய வாங்கிட்டுப் போனா. திருப்பிக் கேட்டா, எந்தச் சல்லடைன்னா. கடைசிவரைக்கும் வரல. அது கெடக்கட்டும்.

ஒரு ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி. அவ புருசன், பயிரு காயுதேன்னு யாரையும் கேக்காம கம்மா மடையத் தெறந்து விட்டுட்டான். நாட்டாமை என்ன பண்ணுவானோன்னு பயந்து ஊர விட்டே ஓடிட்டான். ஓடினவன் ஓடிட்டான், தீர்ப்பு வீட்டுல இருந்தவ மேல விழுந்துச்சு. ஒச்சாயிக்கு யாரும் கைப்பிடி அரிசி குடுக்கக் கூடாது, அவ வாசல மிதிக்கக் கூடாது, குடுத்தா அந்த வீட்டையும் தள்ளி வெப்பேன்னுட்டான் நாட்டாமை. அவளோ புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி. கஞ்சி இல்லாட்டிப் பாலு வத்தும். பாலு வத்துனா புள்ள போயிரும்.

அந்த ஊர்ப் பொம்பளைக எல்லாம் தெருக்கோடியில ஒரே எடத்துலதான் நெல்லுக் குத்துவாக. நம்ம வீட்டுல கோழிக்குத் தண்ணி வெக்கிற கல்லு உரலு இருக்கே, அது மாதிரி உரலு. அத ஒங்க அண்ணன் வாங்கிட்டு வந்த அன்னைக்கு வண்டி அச்சு முறிஞ்சு... சரி, அது வேற கதை. குத்திப் பொடச்சு, தவிட்டக் கொண்டுபோயி ஒச்சாயி வீட்டுக்குப் பின்னால குப்பைக்குழியில கொட்டுவாக. தவிட்ட யாராச்சும் கொட்டுவாகளான்னு மொறைக்காதீக, மாட்டுக்குத் தவிடு காட்டுற வழக்கம் அப்ப வரல.

தவிட்டக் கொட்டக் கூடாதுன்னு நாட்டாமை சொல்லலையே. அதனால ஒருத்தி பொடைக்கும்போது மொறத்த லேசாச் சரிச்சா. ஒரு பிடி அரிசி தவிட்டோட போச்சு. மறுநாளு இன்னொருத்தி சரிச்சா. ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கல. தான் ஒருத்திதான் இந்தத் திருட்டுத்தனம் பண்றோம்னு ஒவ்வொருத்தியும் நெனச்சுக்கிட்டிருந்தா. ஒச்சாயி சாயங்காலம் அதப் பொடச்செடுத்துக் கஞ்சி வெச்சுக்கிட்டா. யாரு போட்டதுன்னு அவளும் கேக்கல.

குழிக்கு மேல ஒரு முருங்கமரம். அதுல இருந்த குருவி, அரிசி தனக்குத்தான் விழுதுன்னு நெனச்சுப் பொறுக்கித் தின்னுக்கிட்டிருந்துச்சு. ஒரு நா ஒச்சாயி மொறத்தோட வந்து பாத்தா, வெறுந்தவிடு. கல்ல எடுப்பான்னு குருவி ஒதுங்குச்சு. அவ நிமுந்து கெளையில இருந்த கூட்டப் பாத்தா.

"நீயும் அடைகாக்கறவதான, தின்னு," ன்னா. "எனக்கும் கொஞ்சம் விட்டு வையி. பாலு வரமாட்டேங்குது."

குருவிக்கு அன்னைக்கு எரை எறங்கல. மறுநாள்லருந்து அரிசியத் தொடல.

இதுக்குள்ள நாட்டாமைக்குச் சந்தேகம் வந்துருச்சு. ஒச்சாயி அழுதுக்கிட்டு வந்து கால்ல விழுவான்னு பாத்தா, புள்ளைக்குக் கன்னம் வெக்கிது. நேரா முருங்கமரத்தடிக்கு வந்து குருவியக் கூப்பிட்டான். தவிட்டுல அரிசி கலக்குறது யாருன்னு சொல்லு, தெனை வெளையிற என் கொல்லை முழுக்க ஒனக்குன்னான். சொல்லலன்னா மரத்த வெட்டிருவேன்னான். முட்டையிருக்கற மரம். காலையில வா, சொல்றேன்னுச்சு குருவி. சல்லடையோட வர்றேன், குழியையும் சலிச்சுப் பாத்துர்றேன்னுட்டுப் போனான். அவன் வந்து போனதப் பாத்துப் பயந்து ஒச்சாயி அன்னைக்குச் சாயங்காலம் குழிப்பக்கம் வரல, அரிசி தவிட்டோட அப்படியே கெடந்துச்சு.

குருவி அன்னைக்குத்தான் மொத மொதலாப் பக்கத்து மரத்துக்குப் போச்சு. ஒதவின்னு கேக்க நாக்கு எழல. ஆனாலும் கேட்டுச்சு. அங்கருந்து அடுத்த மரம், அடுத்த மரம்னு போச்சு. விடியும்போது ஏழெட்டுக் குருவி குழியில எறங்கி, தவிட்டுல பொரண்டு பொரண்டு அரிசி அம்புட்டையும் பொறுக்கி, ஒச்சாயி வீட்டுப் பின்வாசல்ல இருந்த பானையில போட்டுச்சுக. ஒரு மணிகூட வாயில போட்டுக்கல.

நாட்டாமை வந்து சலிச்சான். பொம்பளைக ஒலக்கையப் புடிச்சபடி நின்னாளுக. சலிச்சுச் சலிச்சுப் பாத்தான், தவிடுதான்.

"எங்க அந்த மஞ்சக் குருவி?" ன்னு நிமுந்தான்.

கெளையில ஏழெட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒக்காந்திருக்கு, எல்லாம் தவிட்டு நெறம். சொல்றேன்னது யாருன்னான். எல்லாம் ஒண்ணாச் சொல்ல ஆரம்பிச்சுச்சுக. ஒண்ணத் தனியாக் கூப்பிட்டுக் கேக்கலாம்னா, எதுன்னு தெரியல. சொல்லலன்னாத்தான மரத்த வெட்டணும்? சொல்லிக்கிட்டுத்தான இருக்குதுக. காதப் பொத்திக்கிட்டுப் போனவன் அப்புறம் அந்தப் பக்கம் வரல.

தான் போட்ட ஒரு பிடி என்னாச்சுன்னு ஒருத்தி பின்வாசல எட்டிப் பாத்தா. பானை நெறைய இருந்துச்சு. திரும்பி மத்தவளுக மொகத்தப் பாத்தா. அவ ஒலக்கையச் சாத்தி வெச்சுட்டு, ஒச்சாயி வாசல மிதிச்சு உள்ள போனா. பின்னாலயே மத்தவளுகளும் போனாளுக.

அன்னைக்குப் பொரண்ட தவிடுதான் இன்னும் ஒதுராம ஒட்டிக்கிட்டிருக்கு, மூக்கும் காலும் மட்டும் மஞ்சளா மிஞ்சிருச்சு. அதுலருந்துதான் அதுக ஒண்ணாவே போகுது, ஒருத்தி குஞ்சுக்கு எல்லாரும் எரை கொண்டாருது, யாராச்சும் கிட்ட வந்தா ஒண்ணும் வெளங்காதபடி ஒண்ணாக் கத்துது. ஒங்களுக்கு வெளங்கக் கூடாதுன்னுதான் கத்துது, கொழுந்தனாரே.

ஏ மருமவளே, மேக்க இருட்டிக்கிட்டு வருது. காயுற நெல்ல உள்ள அள்ளிக்கிட்டு வா. மொறத்துல இருக்கற தவிடு குருவிகளுக்கு அங்கனயே இருக்கட்டும்.