மிதந்த பொரியும் மூழ்கிய உருண்டையும்

தெப்பக்குளத்து மேல்கரை வீதியில் ஒரு வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் குங்குமம் என்னும் தங்கமீனும், நாள் முழுதும் கண்ணாடியைத் துடைத்தபடி ஊரும் ஒரு நத்தையும் வாழ்ந்துவந்தன. தொட்டிக்கு மேலிருந்த பலகையில் இரண்டு டப்பாக்கள் அருகருகே நின்றன. ஒன்றில் மீன் தீனி உருண்டைகள், மற்றொன்றில் பொரி.

உருண்டைகள் மிளகினும் சிறியவை, பழுப்பு நிறம், கருவாட்டு வாடை. நீரில் இட்டால் சிறிதே மிதந்து, ஓசையின்றி அடியில் போய்த் தங்கும். குங்குமம் கீழே இறங்கிக் கூழாங்கற்களுக்கிடையே தேடித் தேடித் தின்னும். பார்ப்பவர்களுக்கு அதன் வால் மட்டுமே தெரியும்.

பொரி அந்தப் பலகைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமையன்று. கோயிலுக்குப் போனால் குளத்து மீன்களுக்குப் பொரி இடாமல் திரும்புவதில்லை அவ்வீட்டுத் தலைவி மங்கையர்க்கரசி. அன்று மழை பிடித்துக்கொண்டதால் பாதிப் பொட்டலம் மிஞ்சிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் ஒரு பிடியை அள்ளித் தொட்டியில் தூவினாள். வெள்ளை வெளேரென்று மிதந்த பொரியைக் கண்ட குங்குமம் மேலே பாய்ந்தது. வாயைத் திறந்து துள்ளியது. தண்ணீரைத் தரையெங்கும் வாரியிறைத்தது.

"என்னங்க, ஓடி வாங்க! நம்ம குங்குமம் ஆடுற ஆட்டத்தைப் பாருங்க!"

கணவர் சிவஞானம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "அட, குளத்து மீன் கெட்டுது போ! இன்னொரு பிடி போடு, பார்ப்போம்."

அன்றுமுதல் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் குங்குமத்தின் துள்ளல்தான் பரிமாறப்பட்டது. பொரி டப்பா தீரத் தீர நிரம்பியது; தீனி டப்பாவின் மூடியில் தூசி படிந்தது.

பொரிக்குப் பெருமை தாளவில்லை.

"பார்த்தாயா பழுப்பனே?" என்று அது உருண்டையைச் சீண்டியது. "நான் விழுந்தால் கைதட்டுகிறார்கள். நீ விழுந்தால் விழுந்ததே யாருக்கும் தெரிவதில்லை."

"மீனுக்குத் தெரியும்" என்றது உருண்டை.

"மீனா? அது என்னைக் கண்டு துள்ளுகிறது. உன்னைக் கண்டு என்றைக்காவது துள்ளியதுண்டா?"

"இல்லை, தின்றது. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது."

"உன் வாடைக்கு இந்தப் பேச்சு அதிகம்" என்று கலகலவெனச் சிரித்தது பொரி.

தொட்டிக்குள் குங்குமத்துக்கும் குறையொன்றும் தெரியவில்லை. "வயிறு எப்போதும் நிறைந்திருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?" என்று அது நத்தையிடம் கேட்டது.

"நிறைந்திருக்கிறது, சரி. உன் நிறத்தை எங்கே வைத்தாய்?" என்றது நத்தை. "குங்குமம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது சந்தனம்போல் வெளுத்திருக்கிறாய்."

குங்குமம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் காலையில் குங்குமத்தால் நேராக நிற்க முடியவில்லை. வயிறு உப்பி, தலை கீழாகவும் வால் மேலாகவும் அது நீர்மட்டத்தில் சாய்ந்து மிதந்தது. கீழே இறங்க முயன்றது, இறங்க இயலவில்லை.

"பசி போல. அதான் மேலேயே வந்து நிக்குது" என்றாள் மங்கையர்க்கரசி. மேலும் ஒரு பிடி பொரி விழுந்தது. குங்குமம் பழக்கத்தால் வாயைத் திறந்து நான்கைந்தை விழுங்கியது. துள்ளவில்லை.

நத்தை மெல்ல ஊர்ந்து அதன் வயிற்றருகே சென்றது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது. "வெளியே யாராவது இருக்கிறீர்களா? ஊறி ஊறிப் பருத்துவிட்டோம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இந்த மீன் மூச்சுக்குத் திணறுகிறது!"

அது பொரியின் குரல்.

நத்தை கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. விளிம்பை எட்டவே நண்பகலாகிவிட்டது. கேட்டதைப் பலகைக்குச் சொன்னது.

"நான் சாமிக்குப் படைக்கப்படும் பொருள். ஓர் உயிரை வாட்டவா வந்தேன்?" என்றது பொரி.

உருண்டை ஏளனம் செய்யவில்லை. "உன்மேல் குற்றமில்லை. ஆனால் இன்னும் இரண்டு வேளை இப்படியே போனால் குங்குமம் பிழைக்காது" என்றது.

"நாளைக் காலையில் கை மறுபடியும் வருமே! எனக்கு ஓடக் காலில்லை. டப்பாவை உள்ளிருந்து பூட்டவும் வழியில்லை. நான் என்ன செய்வேன்?"

"அவர்களுக்கு உன்னிடம் பிடித்தது எது என்று எண்ணிப் பார்."

பொரி எண்ணிப் பார்த்தது. விடை கிடைத்ததும் அதன் நெஞ்சு வலித்தது. நமத்துவிட்டால் எந்தக் கையும் அள்ளாது. ஆனால் அந்த மொறுமொறுப்பு ஒன்றுதானே அதன் அழகு, அதன் குரல், அதன் சொத்து!

வெளியே மழை வலுத்தது. டப்பாவின் மூடி அரைகுறையாகத்தான் மூடியிருந்தது. அந்த இடுக்கு வழியே வந்த ஈரக்காற்றைப் பொரி ஆழ மூச்சிழுத்து உள்ளே வாங்கியது. மறுபடியும் வாங்கியது. அதன் கலகலப்பு அடங்கியது.

மறுநாள் காலையில் மங்கையர்க்கரசி டப்பாவுக்குள் கைவிட்டாள். துணியைத் தொட்டதுபோல் இருந்தது.

"சே, நமத்துப்போச்சுங்க. இதை எப்படிப் போடுறது? கடை திறந்ததும் புதுசு வாங்கிட்டு வாங்க."

"மழை விடட்டும்" என்றார் சிவஞானம்.

கையில் தூவ ஒன்றுமின்றி அவள் தொட்டியின் முன் நின்றாள். இத்தனை நாளும் அவள் துள்ளலைப் பார்த்திருந்தாள். இன்றுதான் மீனைப் பார்த்தாள்.

"என்னங்க... இது நிக்கலைங்க. சாஞ்சு கிடக்குது. வயித்தைப் பாருங்களேன்! பல்கீஸைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

அடுத்த தெருவில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பல்கீஸ் குடையோடு வந்தாள். குங்குமத்தை அவர்களுக்கு விற்றவளும் அவளே. குனிந்து ஒருமுறை பார்த்தாள்.

"என்னக்கா போட்டீங்க இதுக்கு?"

"வேறென்ன, பொரிதான். குளத்துல வருஷக்கணக்கா போடுறேன். அந்த மீனெல்லாம் கொழுகொழுன்னு இருக்கே!"

"குளத்து மீனுக்கு நீங்க போடுற பொரி நொறுக்குத்தீனி, அக்கா. அதுக்குச் சாப்பாடு குளமே போட்டுடுது. பாசி, புழு, பூச்சி, எல்லாம் அங்கேயே இருக்கு. இந்தத் தொட்டியில என்ன இருக்கு? இங்க உங்க கைதான் குளம்."

மங்கையர்க்கரசி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் கொடுத்த உருண்டை எங்கே?"

சிவஞானம் பலகையைக் காட்டினார். "அதைப் போட்டா அடியில போயிடுதும்மா. பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லை."

"சாப்பிடறது நீங்களா சார், மீனா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார்.

"ரெண்டு நாள் ஒண்ணும் போடாதீங்க" என்றாள் பல்கீஸ். "அப்புறம் பச்சைப்பட்டாணியைக் குழைய வேகவெச்சு, தோலுரிச்சு, அது கண்ணளவு நசுக்கிப் போடுங்க. மீனோட வயிறு அது கண்ணளவுதான், அக்கா. நேரா நீந்த ஆரம்பிச்சதும் உருண்டைக்கு மாறுங்க."

"பிழைச்சுடுமா?"

"நேத்தும் இன்னிக்கும் எவ்வளவு போட்டீங்க?"

"நேத்து காலையில ஒரு பிடி. அதுக்கப்புறம் அது வாயே திறக்கலை. இன்னிக்கு ஒண்ணும் போடலை. பொரி நமத்துப்போச்சு."

"நமத்ததே நல்லதாப் போச்சு" என்றாள் பல்கீஸ்.

பலகையின்மேல் பொரி அதைக் கேட்டது. கலகலக்க அதனிடம் ஓசையில்லை. எனினும் அன்றுபோல் அது என்றும் மகிழ்ந்ததில்லை.

மூன்றாம் நாள் பட்டாணி இறங்கியது. ஐந்தாம் நாள் குங்குமத்தின் வால் தாழ்ந்தது. எட்டாம் நாள் அது நேராக நீந்தி, அடியிலிருந்த கூழாங்கற்களை வாயால் தொட்டுப் பார்த்தது. அன்று மூன்றே மூன்று உருண்டைகள் நீரில் விழுந்தன. கைதட்ட ஒருவரும் இல்லை. குங்குமம் அவற்றைத் தேடித் தேடித் தின்றது. கார்த்திகை பிறப்பதற்குள் செதில்களில் பழைய சிவப்பு ஊறத் தொடங்கிவிட்டது.

நமத்த பொரியை மங்கையர்க்கரசி வீசிவிடவில்லை. சூடான வாணலியில் இட்டுப் புரட்டினாள். பூண்டும் கறிவேப்பிலையும் பொட்டுக்கடலையும் மிளகாய்த்தூளும் சேர்த்தாள். தட்டில் விழுந்தபோது பொரி மறுபடியும் கலகலத்தது.

"குரல் திரும்பிவிட்டதே!" என்றது பலகையிலிருந்த உருண்டை.

"எனக்கு உரிய வயிறும் கிடைத்துவிட்டது, பழுப்பனே" என்றது பொரி.

அந்தத் தட்டு நீட்டப்பட்டது திருச்சியிலிருந்து வந்திருந்த சிவஞானத்தின் தங்கை தனக்கோடியிடம். அவள் ஒரு பிடியை அள்ளி மென்றபடி தொட்டியருகே வந்தாள்.

"என்ன அண்ணி, உங்க மீன் என்னமோ துள்ளுமாமே! போன்ல அண்ணன் அளந்த அளப்பு கொஞ்சமா? எங்கே, துள்ளச் சொல்லுங்க பார்ப்போம்."

மங்கையர்க்கரசி தொட்டியைப் பார்த்தாள். அடியில், கூழாங்கற்களுக்கிடையே, ஒரு சிவந்த வால் மட்டும் தெரிந்தது.

"இப்பல்லாம் துள்ளுறதில்லை, தனம்" என்றாள். "நல்லா இருக்கு."