மயில் மார்க்கும் நங்கூர மார்க்கும்

வேட்டைக்குப் போன கரடிப்பாறை ஜமீன்தாரும் அவர் மைத்துனரும் ஒரு முயலைக்கூடச் சுடவில்லை. ஆனாலும் யாருடைய தோட்டா உசத்தி என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. ஜமீன்தாருக்கு மயில் மார்க். மைத்துனருக்கு நங்கூர மார்க்.

"டேய் மாசாணம்! தலையில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் நில். எந்தத் தோட்டா நேராகப் போகிறதென்று பார்த்துவிடுவோம்" என்றார் ஜமீன்தார்.

சமையற்கார மாசாணம் கையிலிருந்த பூசணிக்காயைக் கீழே வைத்தான். கும்பிட்டபடியே சொன்னான்:

"நிக்கிறேன் சாமி. ஆனா நான் நின்னா, அடிக்குப் பயந்து நின்னான்னுதான் ஊரு பேசும். மயில் தோட்டாவை நம்பிச் சாமியும், நங்கூரத் தோட்டாவை நம்பி மைத்துனர் சாமியும் தலையில காயை வச்சுக்கிட்டு நின்னு, ஒருத்தர் காயை ஒருத்தர் சுட்டா, அப்புறம் அந்த மார்க்கை எவன் குறை சொல்லுவான்?"

ஜமீன்தார் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் ஜமீன்தாரின் துப்பாக்கியைப் பார்த்தார்.

"காயை மரத்திலேயே வை!" என்றார்கள் இருவரும்.

தன் தலை உயரத்தில் இருந்த கிளைக் கவட்டையில் காயை வைத்துவிட்டு மாசாணம் ஒதுங்கினான். இரண்டு துப்பாக்கிகளும் வெடித்தன. காய் அசையவில்லை.

"ரெண்டு மார்க்குமே மட்டம்" என்று முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

மாசாணம் மரத்தருகே போனான். அடிமரத்தில், அவன் நெஞ்சுக்கு நேராக, ஒரு தோட்டா புதைந்திருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டான்.