கோழி தொலைத்த விருந்து

அந்தக் காலத்தில் கோழியும் மனிதர்களோடு பாயில் உட்கார்ந்துதான் சாப்பிட்டது. பேசவும் பேசியது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே பேசியது.

பெருங்கடலின் நடுவில் ஒரு குட்டித் தீவு. அங்கே ஆசோ, அவன் மனைவி மசினா, ஏழு வயது மகள் லூபே, அவர்களோடு ஒரு செவலைக் கோழி. ஒருநாள் எதிர்த் தீவிலிருந்து ஆசோவின் அக்கா மெலே ஆள் அனுப்பினாள். ஏழு தீவுக்காரர்களுக்கும் அவள் விருந்து வைக்கிறாள். அவள் தன் கையால் நடத்தும் முதல் பெரிய விருந்து அது.

விடிந்ததும் படகு கிளம்பியது. லூபே உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. கழுத்தில் பூமாலை குதிக்க, படகுக்குள்ளேயே ஆடிப் பார்த்தாள். "அடியே, படகைக் கவுத்துடாதே!" என்று மசினா கத்தினாள். கோழிக்கு அவளைவிடப் பரபரப்பு. "இன்னும் எவ்வளவு தூரம்? இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டே ஆசோவின் உயிரை எடுத்தது.

எதிர்த் தீவுக் கரையில் மணலைத் தோண்டி, குழிக்குள் கற்களைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சியிருந்தார்கள். அதன்மேல் வாழையிலை, சேம்பு, ஈரப்பலா, இலையில் கட்டிய மீன். மறுபடி இலை, நனைத்த பாய், கடைசியில் மணல். இடம் தெரிய உச்சியில் ஒரு குச்சி.

"யார் காவல் இருக்கிறது?" என்று மெலே கேட்டாள்.

"நான் இருக்கேன்!" என்று கோழி முன்னால் வந்தது.

"துளி ஆவி வெளியே போனாலும் கிழங்கு வேகாது. முரசு அடிக்கிற வரைக்கும் தொடாதே. நல்லபடியா முடிஞ்சா, பந்தியில என் பக்கத்துல உனக்குத்தான் இடம்."

"அத்தை, எனக்கும் இந்தப் பக்கம்!" என்றாள் லூபே. எல்லோரும் படகுகளை வரவேற்கத் தண்ணீரோரம் ஓடினார்கள்.

கோழி குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே ஏதோ புசுபுசுவென்றது. வாசனை மூக்கைத் துளைத்தது. பாவம், அதுவும் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்! ஒரே ஒரு ஓட்டை, எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று காலால் மணலைக் கிளறியது.

புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது. கோழி அலறிக்கொண்டு ஓட்டையை மூடியது. ஆவி பக்கத்தில் கிளம்பியது. அங்கேயும் கோழி மணலைத் தள்ளியது. ஆவி இன்னொரு பக்கம் கிளம்பியது. பயத்தில் கோழி கரை மணலையெல்லாம் வாரி வாரி இறைத்தது. குச்சியும் போன இடம் தெரியவில்லை. மேடு பள்ளமெல்லாம் ஒன்றாகி, கரை முழுக்க ஒரே சமமாகக் கிடந்தது.

முரசு முழங்கியது. ஏழு தீவுக்காரர்களும் பசியோடு, பாட்டோடு வந்தார்கள்.

"குழி எங்கே?" என்றாள் மெலே.

கோழி ஓர் இடத்தில் கிளறியது. இல்லை. தள்ளிப்போய்க் கிளறியது. அங்கேயும் இல்லை. ஆட்களும் தோண்டினார்கள். உச்சி வெயிலில் மணல் எங்கும் ஒரே சூடு. கையை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மெலேயின் முகம் சுருங்கிப்போனது. கூப்பிட்டுவிட்டுப் பட்டினி போடுவதா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தேங்காய் இருக்கே அத்தை! கடல்ல மீன் இருக்கே!" என்று லூபே கத்தினாள். அவ்வளவுதான், ஆசோ மரத்தில் ஏறினான். மசினா அப்போதே பிடித்த பச்சை மீனை அரிந்து தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டாள். வந்தவர்கள் ஆளுக்கொரு வேலையாக இறங்கினார்கள். சாப்பிட்டார்கள், ஆடினார்கள், முரசுத்தோல் கிழியும்வரை அடித்தார்கள். மெலேயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினாள்.

கோழி மட்டும் கிளறிக்கொண்டே இருந்தது.

"கோபமெல்லாம் போச்சு. வந்து உக்காரு" என்று மெலே பாயைத் தட்டினாள்.

"உங்க விருந்தைத் தொலைச்சவ நான். எடுத்துக் குடுத்துட்டுத்தான் உக்காருவேன்."

"வா கோழியக்கா, பசிக்கும்!" என்று லூபே கெஞ்சினாள். கோழி வரவில்லை. மனசு கேட்காமல் அவள் ஒரு பிடி தேங்காய்த் துருவலை மணலில் இறைத்தாள். அதைக் கொத்திக்கொண்டே கோழி அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.

அன்று முதல்தான் கோழி பேச்சையும் மறந்து, இரண்டு தரம் மண்ணைக் கிளறி, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து உற்றுப் பார்க்கிறது. நாமும், பாயில் உட்காராத அந்த ரோஷக்காரிக்குத் தீனியைத் தரையிலேயே இறைக்கிறோம்.