அக்கரைக்குப் பேசப் பொந்தைத் தட்டு

அந்தக் காலத்தில் மிருகமும் பறவையும் பேசும் என்பது எல்லாரும் சொல்வதுதான். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டும் பேசின என்பதை யாரும் சொல்வதில்லை. மரத்துக்கு மரம் சீந்தில் கொடி ஓடும். வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. கொடியில் இரண்டு தட்டினால் ஆமை எடுக்கும், மூன்று தட்டினால் முயல் மருதாயி எடுப்பாள்.

பிறகு அக்கரைக் காட்டிலும் கொடி கட்டினார்கள். அங்கே ஆற்றோரத்தில் ஒரு பட்டமரம். அதன் பொந்துக்குள் இரண்டு காட்டுக் கொடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அதோடு பிடித்தது குழப்பம். அக்கரையிலும் மூன்று தட்டுக்கு ஒரு வீடு இருந்தது. அது நரி வீடு.

அணில் மைத்துனனைக் கூப்பிட்டால் ஆந்தை எடுக்கும்.

"யாரு?"

"நீ யாரு?"

"தட்டினது நீ. நீதான் சொல்லணும்."

மருதாயியின் மகள் வெள்ளைச்சி அக்கரையில் வாக்கப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்ப இருந்த அன்றே வலி கண்டுவிட்டது. மூன்று தட்டினாள்.

"அம்மா, வலி எடுத்திருச்சு. ஆத்தைத் தாண்ட முடியாது. நீ வா."

"வர்றேன் கண்ணு," என்றது ஒரு கரகரத்த குரல். "எந்தப் புதர்னு சொல்லு."

"ஆவாரம் புதர்தாம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் புதரைப் பார்த்துக் கொடுத்ததே அம்மாதான். மறுபடி மூன்று தட்டினாள்.

"அவரு இல்லீங்களே," என்றாள் நரியின் பெண்டாட்டி. "இப்பத்தான் ஆவாரம் புதர்ப் பக்கம் கிளம்பினாரு. ஏதும் சொல்லணுமா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச்சி பட்டமரத்துக்கு ஓடினாள். மேலே மரங்கொத்தி குடியிருந்தது.

"அண்ணே, அம்மாவைக் கூப்பிட்டா நரி வருது."

"மூணுன்னா உங்கம்மாவா, நரியா?"

"ரெண்டு பேரும்தான்."

"எனக்கு ஒண்ணும் புரியலையே தாயி."

மரங்கொத்திக்குத் தலை சுற்றியது. அந்தப் பதற்றத்தில் கொடியைத் தட்டப்போய், பொந்தைக் கொத்திவிட்டது. டொங் என்றது. அது யார் வீட்டுக் கணக்கும் இல்லை. அதனால் அந்தக் கரையில் ஒருவரும் எடுக்கவில்லை. பொந்திலிருந்து ஆற்றைத் தாண்டிப் போகும் கொடி மட்டும் அதிர்ந்தது. அந்த அதிர்வு அடங்குமுன் வெள்ளைச்சி அதில் மூன்று தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா."

"சாப்பிட்டியா?"

அம்மாவேதான்.

மருதாயி ஈர மணலில் பாய்ந்து வந்து சேர்ந்தாள். மரத்தின் அடிப்பொந்திலேயே குட்டிகள் பிறந்தன. ஆவாரம் புதரில் நரி வெகுநேரம் "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்று தொட்டுத்தான் மரங்கொத்தி எந்த மரத்தில் உட்கார்ந்தாலும், பொந்து எங்கே என்று தட்டித் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. நாமும் வெளியூருக்குப் பேசும்போது, பொந்தின் வாய் மாதிரி வட்டமாய் ஒரு சைபரை முதலில் போட்டுவிட்டுத்தான் அம்மா வீட்டு எண்ணைத் தட்டுகிறோம்.