கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்தவன்

எங்க ஊர் ரைஸ்மில் முதலாளி சங்கரலிங்கத்தின் மகன் கார் ஓட்டிப்போய் மோதியதில், பூ விற்கிற பேச்சியம்மாள் செத்துப்போனாள்.

"கண்ணாடி பூரா கறுப்பு ஸ்டிக்கர். உள்ள யாருன்னு ஒருத்தனும் பாக்கல. நீதான் ஓட்டுனேன்னு சொல்லிரு" என்று முதலாளி, டிரைவர் இசக்கியை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்.

இசக்கி இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டான். "ஐயா, நான்தான் ஓட்டுனேன். ஆனா கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுனது தப்புன்னு, மோதுறதுக்குப் பத்து நிமிசம் முன்னால டிராபிக் போலீஸ் அபராதம் போட்டிருக்காங்க. ரசீது கார்ல கிடந்துச்சு. அதுல ஓட்டுனவர்னு சின்ன முதலாளி பேருதான் இருக்கு. அதை எப்படி மாத்தணும்னு முதலாளி சொல்லித்தரலையே!"

இன்ஸ்பெக்டர் காரிலிருந்து ரசீதை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். மகனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

ஒரே வாரத்தில் அவன் ஜாமீனில் வந்து மறுபடி கார் ஓட்டினான். இசக்கியை நம்பி ஒரு கார் சாவியைக் கொடுக்கத்தான் எங்க ஊரில் ஆளில்லை.