ஒரு முடி நாற்று

மடத்துக்குப் பத்து ஏக்கர் நஞ்சை. அதற்கு நடவு இயந்திரம் வாங்கலாமா என்று எழுதித் தரும் பொறுப்பை மடத்துத் தலைவரான சாமி பரிமளாவிடம் விட்டிருந்தார். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது, அதுவும் வேளாண்மையில். அந்த வயலில் நடவு நடும் பதினொரு பெண்களுக்குத் தலைவி அவள் அம்மா அஞ்சலை.

மூன்று நாளாகத் தாள் வெறுமையாகவே கிடந்தது.

"வாங்கலாமா, வேண்டாமா சாமி?"

"நீ நடவு நட்டிருக்கிறாயா?"

"அம்மா என்னை வயலில் இறங்க விட்டதே இல்லை."

"ஒரு முடி நாற்று நட்டுவிட்டு வா."

பரிமளா சேற்றில் இறங்கினாள். முடியின் கட்டை அவிழ்த்து, நாற்றைப் பிரித்து ஊன்றினாள். ஒரு அடி முன்னே வைத்தாள். மறுபடி ஊன்றினாள்.

பெண்கள் சிரித்தார்கள்.

"காலேஜுல முன்னாடி நடக்கத்தான் சொல்லிக்குடுத்தாங்க போல."

"நட்டதையே மிதிக்கிறியே ஆத்தா."

அஞ்சலை சிரிக்கவில்லை. "பின்னாடி போடி. அப்பத்தான் நட்டது கண்ணு முன்னால இருக்கும். உன்னை யாரு எறங்கச் சொன்னா?"

பரிமளா பின்வாங்கி நட்டாள். பாதி முடியிலேயே இடுப்பு ஒடிந்துபோனது.

"அம்மா, மிஷின் வந்தா?"

"இந்தக் குனியறது போவும்."

"வேலை?"

"அதுவும் போவும்."

"அப்ப நான் என்ன எழுத?"

"படிச்சவ நீ. என்னையக் கேக்குற." அஞ்சலை இடுப்பில் கைவைத்து மெல்ல நிமிர்ந்தாள். "அதை ஓட்ட ஆளு வேணுமில்ல?"

"வேணும். ஒருத்தர்."

அஞ்சலை வரிசையாகக் குனிந்திருந்த முதுகுகளைப் பார்த்தாள். "ஒருத்தர்தானா" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

முழங்கால் வரை சேற்றோடு பரிமளா மடத்துக்குத் திரும்பினாள்.

"தெரிந்ததா?" என்றார் சாமி.

"இல்லை சாமி. காலையில் பாதியாவது தெரிந்தது. வேண்டாம் என்று எழுதினால் அவர்கள் இடுப்புக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வேண்டும் என்று எழுதினால் அடுப்புக்கு."

"வயலில் என்ன தப்பு செய்தாய்?"

"முன்னே போனேன். நட்டதை மிதித்தேன்."

சாமி தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை எழுதும்போது எந்தப் பக்கம் போவாய்?"

"பின்னால்தான் சாமி. நட்டவர்கள் கண் முன்னால் இருக்கும்படி." பரிமளா பேனாவை எடுத்தாள். விரலிலிருந்த சேறு தாளில் ஒட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.