பாதிக் கேள்வி மாயாவி

முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கு அந்தப் பக்கம் மணிச்சுனை என்றொரு நாடு இருந்ததாம். அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். வாத்தியார் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்னே யார் பதிலைக் கத்துகிறார்களோ, அவர்தான் கெட்டிக்காரர். அதனால் ஒரு கேள்வியைக் கடைசிவரை கேட்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை.

இதை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தான் உருமண்டன் என்ற மாயாவி.

"மூன்றே மூன்று கேள்வி. மூன்றும் சரியென்றால் நான் கல். ஒன்று தப்பினால் நீங்கள் கல்!"

நாற்பது பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். நாற்பது பேரும் திறந்த வாய் திறந்தபடி கல்லாகிப் போனார்கள். ஏழாம் நாள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் யாரும் அவனை வெல்லாவிட்டால், அப்புறம் கல் கல்தான்.

ஏழாம் நாள் சாயங்காலம் செண்பகம் வந்து நின்றாள். கல்லாய் நின்றவர்களில் அவளுடைய அண்ணன் வளவனும் ஒருவன். அவளோ எதையும் மனசுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துத்தான் வாய் திறப்பாள். பள்ளிக்கூடமே அவளை 'ஆமை' என்றுதான் கூப்பிடும்.

"வா ஆமையே!" என்று சிரித்தான் மாயாவி. "சிலந்திக்கு எத்தனை கால்..."

அவ்வளவுதான், நிறுத்திவிட்டான். செண்பகத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது எட்டு. விழுங்கினாள்.

"கேள்வி முடிஞ்சுதா, ஐயா?"

மாயாவியின் புருவம் துடித்தது. "...என்று எல்லாருக்கும் தெரியும். எறும்புக்கு எத்தனை?"

"ஆறு."

சூரியன் மலையைத் தொட்டது.

"சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற கோள் எது..."

புதன்! உதட்டைக் கடித்தாள். "கேள்வி முடிஞ்சுதா, ஐயா?"

"...என்று சின்னக் குழந்தையும் சொல்லும். எல்லாவற்றிலும் சூடான கோள் எது?"

"வெள்ளி."

சூரியன் பாதி மறைந்தது. மாயாவி பல்லைக் கடித்தான்.

"முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் கூட்டினால் எத்தனை பாகை..."

நிறுத்தினான். இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டு மலையையே பார்த்தான்.

"கேள்வி முடிஞ்சுதா, ஐயா?"

பேச்சே இல்லை.

"சொல்லேன்டி பொண்ணே! பொழுது போகுதே!" என்று ஊரே கதறியது. வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து, "நூற்றெண்பது!" என்று கத்தினார். கத்திய கையோடு கல்லானார்.

"அது தப்பு!" என்று மாயாவி சிரித்தான்.

செண்பகம் திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் கல் முகத்தில் வெயில் கீற்றாய்த் தேய்ந்துகொண்டிருந்தது. கண்ணீர் வழிந்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் மறுபடி கேட்டாள்.

"கேள்வி முடிஞ்சுதா, ஐயா?"

"..."

"கேள்வி முடிஞ்சுதா, ஐயா?"

"..."

"கேள்வி முடிஞ்..."

"முடிந்தது! முடிந்தது! முடிந்தது! சொல்லித் தொலை!" என்று சீறினான் மாயாவி. ஆயுசில் முதல்முறையாக அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்படியென்றால், நூற்றெண்பது."

மாயாவி திடுக்கிட்டான். "இல்லை, நாற்கோணத்துக்கு எத்தனை என்றல்லவா..."

"அதை நீங்க கேட்கவே இல்லையே, ஐயா."

கேட்காமல் விட்ட பாதிக் கேள்வி அவன் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. பாதத்திலிருந்து சாம்பல் நிறம் ஏறியது. முழங்கால், இடுப்பு, கழுத்து. கடைசி வெயில் கீற்று மறைவதற்குள் அவன் கல்.

கற்கள் ஒவ்வொன்றாய் மூச்சுவிட்டன. வாத்தியார் எழுந்து, எல்லார் முன்னாலும் செண்பகத்தைக் கும்பிட்டார். அரசர் அவளுக்குப் பல்லக்கே அனுப்பி வைத்தார். வளவன் விடவில்லை. "என் தங்கச்சியை நான்தான் தூக்குவேன்" என்று தோளில் ஏற்றிக்கொண்டான்.

"வீட்டுக்குப் போனதும் உனக்கு என்ன வேணும்? பணியாரமா..."

செண்பகம் பதில் சொல்லாமல் காத்திருந்தாள்.

"...அதிரசமா?"

"ரெண்டும்" என்றாள்.

அங்கே அவர்கள் வயிறார உண்டு வாழ்ந்தார்கள். இங்கே நாமும் மனசாரக் கேட்டு மகிழ்ந்தோம்.